வலது பக்கமே ஏன்? ஒரு நோடை நீக்கிய வரலாறு

பைனரி சர்ச் ட்ரீயில் ஒரு எண்ணைச் சேர்ப்பது சுலபம். சின்னதுன்னா இடது பக்கம், பெரிசுன்னா வலது பக்கம். நீக்குவதில்தான் வில்லங்கமே. பிள்ளையில்லாத நோடை வெட்டிவிடலாம். ஒரே பிள்ளை என்றால் அதை மேலே இழுத்து ஒட்டிவிடலாம். ரெண்டு பிள்ளை இருந்தா?

1962-ல் தாமஸ் ஹிப்பார்ட் ஒரு வழி சொன்னார். வலது கிளையில் இருப்பதிலேயே சின்ன எண்ணைத் தூக்கி, காலியான இடத்தில் வை. 50-ஐ நீக்கணும், வலப்பக்கம் 60, 70, 80 இருக்கு என்றால் 60 மேலே வரும். வரிசை குலையாது. கூடவே ஒரு தேற்றமும் நிரூபித்தார்: ரேண்டமாகக் கட்டிய மரத்திலிருந்து ரேண்டமாக ஒரு நோடை நீக்கினால், மிஞ்சுவதும் ரேண்டம் மரத்தின் வடிவமே.

பத்து வருஷம் எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். 1972-ல் கேரி நாட் ஒன்றைக் கவனித்தார். தேற்றம் வடிவத்தைப் பற்றித்தான் பேசுகிறது. அந்த வடிவத்துக்குள் எந்த எண்கள் உட்கார்ந்திருக்கின்றன என்பதைப் பற்றி அல்ல. நீக்கிய பிறகு ஒரே ஒரு எண்ணைச் சேர்த்தாலே போதும், ரேண்டம் தன்மை போய்விடுகிறது! நீக்குவதும் சேர்ப்பதும் மாறி மாறி நடப்பதுதானே நிஜ உலகம்?

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்க ஜோனாஸனும் குனுத்தும் உட்கார்ந்தார்கள். மூன்றுக்கு மேல் நோடே இல்லாத மரம். அதற்கே பெஸல் ஃபங்ஷன் வரை போகவேண்டியிருந்தது (1978).

நாட் செய்த சோதனைகளில் மரம் கொஞ்சம் குட்டையானது. நல்லதுதானே என்று தோன்றியது. 1983-ல் ஜெஃப்ரி எப்பிங்கர் கம்ப்யூட்டரை ரொம்ப நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். முதலில் குட்டையாகிறது, அப்புறம் வளர ஆரம்பிக்கிறது. நோடுகளின் எண்ணிக்கையின் வர்க்கம் அளவுக்குச் சேர்த்து நீக்கினால், பெரிய மரங்கள் ரேண்டம் மரத்தைவிட மோசமாகிவிடுகின்றன. எப்போதும் வலப்பக்கமே கடன் வாங்கினால் அந்தப் பக்கம் மெலியத்தானே செய்யும்?

அவர் பார்த்த மருந்தும் எளிமையானது. ஒரு தடவை வலப்பக்கத்தின் சின்ன எண், மறுதடவை இடப்பக்கத்தின் பெரிய எண். இப்படி மாற்றி மாற்றி எடுத்தால் மரம் ரேண்டம் மரத்தைவிடக் குட்டையாகவே நின்றது.

ஹிப்பார்ட் நிரூபித்ததில் பிழையே இல்லை. அது சொல்லாததையும் சொன்னதாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டதுதான் கோளாறு. இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். நீங்க எழுதின டெலீட் ஃபங்ஷன் எந்தப் பக்கம் கடன் வாங்குது? ஒருதரம் திறந்து பாருங்களேன்.