பனமரத்து வில்லாளி

புளியறையில் நின்று மேற்கே நோக்குவோருக்கு எல்லையாகத் தோன்றுகின்ற ஆரியங்காவு மலைகள், உண்மையில் எல்லையாக இருந்த காலத்தைவிட வழியாக இருந்த காலமே நெடிது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரை செங்கோட்டையோடு சேர்ந்து, முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த இப்பகுதி மக்களுக்கு, மலைக்கு அப்பால் நடந்த சரித்திரம் அந்நிய தேசத்துச் சரித்திரமாகாது. அதனாலேயே, இந்தத் தொடரில் நெற்கட்டும்செவலையும் பாஞ்சாலங்குறிச்சியையும் கண்டபின், அதே மலைத்தொடரின் வடபால் உள்ள வயநாட்டுக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

பூலித்தேவர் கதையைச் சொல்லும் தென்காசிச் சீமையார் பாளையக்காரரோடு கதையை நிறுத்திக்கொள்வதில்லை. ஒண்டிவீரனையும் வெண்ணிக்காலாடியையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர்களுக்கு மனம் நிறைகிறது. தலைவனுக்கு அடுத்த வரிசையில் நின்று போரிட்டவனை மறவாத இந்த நற்பண்பு சரித்திர ஆசிரியர்களிடம் அவ்வளவாக இல்லை. ராஜாவின் பிறப்பு, வம்சம், கடிதங்கள் ஆகியவற்றுக்குப் பக்கம் பக்கமாக இடங்கொடுக்கும் அவர்கள், அவனுக்காக வில்லேந்திய மலைக்குடியானுக்கு ஒரு வாக்கியத்தை ஒதுக்குவதும் அரிது. அப்படி ஒரு சில வாக்கியங்களுக்குள் அடக்கப்பட்டவன்தான் தலைக்கல் சந்து என்னும் குறிச்சிய வீரன்.

குறிச்சியர் வயநாட்டின் ஆதிக்குடிகளுள் ஒரு குடியினர். மிட்டம் எனப்படும் கூட்டுக் குடியிருப்பில், பிட்டன் என்ற மூத்தவரின் கட்டளைக்கு உட்பட்டு, தாய்வழி மரபைப் பேணி, மலைக்காரி என்ற தெய்வத்தை வழிபட்டு வாழ்ந்த அவர்கள், வேட்டையாடியவர்கள் மாத்திரம் அல்லர். கைதேர்ந்த நெல் விவசாயிகள். பாரம்பரிய நெல் ரகங்களைப் பாதுகாத்தமைக்காக 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்ற செறுவயல் ராமன் இந்தக் குலத்தவரே. தீட்டு, சுத்தம் ஆகிய ஆசாரங்களில் மிகக் கடுமையாக இருந்து, மற்ற மலைக்குடிகளைவிடத் தம்மை மேலோராக அவர்கள் கருதி வந்ததையும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும். பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள அது உதவும்.

1799-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டதும், வயநாடு தனக்கே உரியது என்று கிழக்கிந்தியக் கம்பெனி உரிமை கொண்டாடிற்று. அதை மறுத்து எழுந்தவர் வடமலபாரின் கோட்டயம் அரச குடும்பத்தைச் சேர்ந்த கேரளவர்மப் பழசி ராஜா. (புளியறை வழியாகப் பஸ் ஏறி நாம் செல்லும் திருவிதாங்கூர்ப் பக்கத்துக் கோட்டயம் வேறு, இது தலைச்சேரிக்கு அருகிலுள்ளது.) திப்புவின் படையெடுப்புக்கு அஞ்சி மலபார் அரச குடும்பத்தினர் பலரும் திருவிதாங்கூருக்கு வந்து அடைக்கலம் புகுந்த நாளிலும் தம் மக்களை விட்டு அகலாதிருந்தவர் அவர். 2009-இல் வெளிவந்த ‘பழசி ராஜா’ திரைப்படத்தில் அவருடைய படைத்தலைவரான எடச்சன குங்கனாகச் சரத்குமார் நடித்ததைப் பார்த்தவர்களுக்கு இப்பெயர்கள் அறிமுகமாகியிருக்கும்.

1802-ஆம் ஆண்டில் குங்கன் ஒரு குறிச்சியர் வீட்டில் இருந்த சமயம், இடுப்பில் சர்க்கார் பட்டையணிந்த சேவகன் ஒருவன் வந்து நெல் கேட்டான். குங்கன் அவனை அங்கேயே கொன்றுவிட்டான். இனி அந்தப் பழி தம்மையும் சாரும் என்றுணர்ந்த அக்கம்பக்கத்துக் குறிச்சியர், சந்துவின் தலைமையில் திரண்டு குங்கனோடு சேர்ந்தனர் என்று மலபாரில் கலெக்டராயிருந்த வில்லியம் லோகன் தம்முடைய நூலில் எழுதுகிறார். அச்சம்தான் அவர்களை ஒன்றுசேர்த்தது என்பதுபோல் தொனிக்கும் இந்த விளக்கத்தை என்னால் முழுவதும் ஏற்க இயலவில்லை. பத்தாயத்து நெல்லைத் தன் குலத்தின் மானமாகவும், வாசற்படியை ஆசாரத்தின் எல்லையாகவும் எண்ணும் சமூகத்தினுள் பட்டைச் சேவகன் புகுந்து அதிகாரத்தோடு நெல் கேட்டபோதே, அந்த யுத்தம் அவர்களுடைய யுத்தமாகிவிட்டது.

1802 அக்டோபர் 11 அன்று, ஏறத்தாழ 150 வில்லாளிகள் கம்பெனி வசமிருந்த பனமரம் கோட்டையின்மீது பாய்ந்தனர். கேப்டன் டிக்கன்சன், லெப்டினண்ட் மாக்ஸ்வெல் ஆகிய இருவரின்கீழ் பம்பாய்க் காலாட்படையைச் சேர்ந்த 70 சிப்பாய்கள் அங்கே காவலிருந்தனர். துப்பாக்கிக்கு எதிரே வில் எம்மாத்திரம் என்று நாம் எண்ணலாம். ஆனால் அக்காலத்துத் துப்பாக்கியோ ஒருமுறை சுட்டபின் மருந்தும் குண்டும் இட்டுக் கம்பியால் இடித்து இறுக்கிய பின்னரே மறுமுறை சுடத்தக்கது. ஈரம் பட்ட மருந்து பற்றாது. அம்புக்கோ ஓசையில்லை, புகையில்லை, எய்தவன் நின்ற இடத்தை அது காட்டிக்கொடுப்பதுமில்லை. முதலில் காவற்காரனின் துப்பாக்கியைப் பறித்து அவனை அம்பெய்து வீழ்த்திய குறிச்சியர், உள்ளே புகுந்து படை முழுவதையும் அழித்தனர். டிக்கன்சனும் எளிதில் விழுந்துவிடவில்லை. கைத்துப்பாக்கியும் வாளும் கொண்டு பதினைந்து பேரைக் காயப்படுத்தி, அவர்களில் ஐவரின் சாவுக்குக் காரணமான பின்னரே மடிந்தார். 112 துப்பாக்கிகளும், ஆறு பெட்டி வெடிமருந்தும், ஆறாயிரம் ரூபாயும் வென்றவர் கைக்கு வந்தன. சில மைல் தொலைவில் புளிஞ்ஞாலில் 360 பேருடன் இருந்த மேஜர் டிரம்மண்ட் உதவிக்கு வரவே இல்லை.

கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு மூன்றாண்டு. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டு ஓராண்டுகூட நிறையவில்லை. தென்னாடு அடங்கிவிட்டது என்று கம்பெனி நிம்மதி கொண்டிருந்த வேளையில் விழுந்த அடி இது. இதன் பின்னர் வயநாடெங்கும் கிளர்ச்சி பரவிற்று. அதை ஒடுக்கக் கம்பெனிக்கு மூன்றாண்டுகள் பிடித்தன. 1805-ஆம் ஆண்டு சந்து அகப்பட்டான். நவம்பர் 15 அன்று அவனுக்கு மரண தண்டனை நிறைவேறிற்று. பனமரத்தில் ஒரு கோளி மரத்தடியில்தான் அது நடந்தது என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இன்று அங்கே அவனுக்கு நினைவிடம் உண்டு. பதினைந்து நாள் கழித்து, நவம்பர் 30 அன்று, பழசி ராஜாவும் புல்பள்ளிக்கு அருகே உயிர்நீத்தார்.

குறிச்சியர் வெறும் ராஜ விசுவாசத்தால் மாத்திரம் போரிட்டிருந்தால், ராஜா மறைந்த அன்றே அவர்களுடைய வில்லின் நாண் அவிழ்ந்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. நிலவரியைத் தானியமாக அல்லாமல் பணமாகவே செலுத்த வேண்டும் என்று கம்பெனி வற்புறுத்தியபோது, காசு புழங்காத அந்த மலைநாட்டில் நெல்லை வைத்துக்கொண்டே கடனாளியான குறிச்சியரும், குறும்பர் என்ற மற்றொரு மலைக்குடியினரும், ராமன் நம்பி முதலியோர் தலைமையில் 1812-ஆம் ஆண்டு மீண்டும் எழுந்தனர். அப்போது அவர்களுக்கு ராஜாவும் இல்லை, குங்கனும் இல்லை, சந்துவும் இல்லை. இருந்தும் சுல்தான் பத்தேரியிலும் மானந்தவாடியிலும் இருந்த கம்பெனியின் காவற்படைகளை முற்றுகையிட்டு, மலைப்பாதைகளை மறித்துப் பிடித்துக்கொண்டனர். மைசூரிலிருந்தும் மலபார்க் கரையிலிருந்தும் படைகள் வந்து சேர்ந்த பிறகே, அந்த ஆண்டு மே மாதத்தில் அவர்களை அடக்க முடிந்தது.

(தொடரும்)