பெட்டி சிறுத்த கதை

தானே புயலைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மரம் விழுந்தது, மின்சாரம் போனது, கைப்பேசி ஊமையானது. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் என் அக்கா, பேரனோடு இருந்தாள். இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. மூன்று நாள் அவளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. நாலாம் நாள் தெரிந்த பையனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். முந்திரித் தோப்பு முழுதும் படுத்துக் கிடந்தது. கொல்லையில் நின்ற பலா மரம் வேரோடு சாய்ந்திருந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதாடா?" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்ததற்கு இன்னொரு காரணம் உண்டு. என் பெயரில் ஹாம் வானொலி உரிமம் இருந்தது. எண்பதுகளில், நிமிடத்துக்கு ஐந்து சொல் வேகத்தில் மோர்ஸ் தட்டி, இரண்டாம் நிலைச் சான்றிதழ் வாங்கியவன் நான். பேரிடரில் உதவுவோம் என்று ஹாம்கள் எல்லோரும் மார்தட்டிக்கொள்வோம். ஆனால் என்னுடைய கருவி 807 வால்வு வைத்து நானே கட்டியது. இரண்டு பேர் தூக்க வேண்டும், 230 வோல்ட் மின்சாரம் வேண்டும். புயலடித்த அன்று அது பரணில் தூங்கிக்கொண்டிருந்தது.

காரில் வைக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கியே தீருவது என்று அன்று முடிவு செய்தேன். வாங்குவதற்கு முன் அதன் பூர்வீகத்தைப் படிப்பது என் வழக்கம். கோப்பைத் திறந்தால் முதல் பக்கத்திலிருந்து படிக்கும் குமாஸ்தா புத்தி.

பூர்வீகம் என்றதும் நம் ஊரைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு வானொலி என்றால் 'தே எஸ் எஃப்', தெலெகிராஃபி சான் ஃபில், கம்பியில்லாத் தந்தி. ஆபத்தில் கப்பலும் விமானமும் கூவும் 'மேடே' கூட எங்கள் வாத்தியார் மொழிதான். 'மெதே', எனக்கு உதவுங்கள். 1920களில் லண்டனுக்கு அருகே கிராய்டன் விமான நிலையத்தில் இருந்த வானொலி அதிகாரி மோக்ஃபோர்ட் அதைத் தேர்ந்தார். பாரீஸ் விமானிகளுக்கும் லண்டன் விமானிகளுக்கும் ஒரே மாதிரி காதில் விழ வேண்டுமே! இந்தியா முழுதும் ஹாம் அழைப்புக் குறி 'வி.யு.' என்று தொடங்க, பிரெஞ்சிந்தியாவுக்கு மட்டும் 'எஃப்.என்.8' என்ற தனிக் குறி இருந்தது. உலக ஹாம்களின் கணக்கில் நாம் ஒரு தனி நாடு! 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியதும் அந்தக் கணக்கு முடிந்தது. அமெரிக்க ஹாம் சங்கத்தின் பட்டியலில் 'நீக்கப்பட்டவை' என்ற தலைப்பின் கீழ் பிரெஞ்சிந்தியா இன்றும் இருக்கிறது. அக்டோபர் 31 வரை பேசியவர்களுக்கு மட்டுமே அது செல்லும். அப்போது எனக்கு நாலு வயது.

சரி, பெட்டிக்கு வருவோம். அந்த நாளில் காரில் வைத்துப் பேசுவது லேசான காரியமில்லை. வால்வுக்குப் பல நூறு வோல்ட் வேண்டும். கார் பேட்டரி கொடுப்பதோ ஆறு அல்லது பன்னிரண்டு. நடுவே டைனமோட்டர் என்று ஒரு சுழலும் இயந்திரம் ஊளையிட்டுக்கொண்டு மின்சாரத்தை ஏற்றித் தரும். டிக்கியில் அனுப்பும் பெட்டி, முன்னால் கேட்கும் பெட்டி, இடையே முழங்கை தடிமனில் கம்பிக் கட்டு.

இதை மாற்றிய முதல் பெட்டி அமெரிக்காவின் காலின்ஸ் கம்பெனி 1957-ல் கொண்டுவந்த கே.டபிள்யூ.எம்.-1. அனுப்புவதும் கேட்பதும் ஒரே பெட்டிக்குள். வடிகட்டி, அலையாக்கி எல்லாவற்றையும் இரண்டு வேலைக்கும் பொதுவாக வைத்தார்கள். ஒரே பலகையை அக்காளும் தங்கையும் முறை வைத்து உபயோகிப்பது போல. இன்னொரு மாற்றம், ஒற்றைப் பக்கப்பட்டை முறை. பழைய ஏ.எம். முறையில் உச்சக் குரலில் பேசும்போதுகூட சக்தியில் மூன்றில் இரண்டு பங்கு, சேதி எதையும் சுமக்காத ஊர்தி அலைக்கே போய்விடும். அதையும், ஒரே சேதியை இரண்டாம் தடவை சொல்லும் மறுபக்கப் பட்டையையும் வெட்டி எறிந்தால், சின்னப் பெட்டி பெரிய பெட்டியின் வேலையைச் செய்யும். மொத்தச் சரித்திரத்திலும் எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது, டிரான்சிஸ்டர் அப்புறம்தான்.

காலின்ஸ் பணக்காரர் பெட்டி. சாதாரண ஹாமுக்கு மலிவாகச் செய்து கொடுத்தவர் ஹெர்ப் ஜான்சன். அறுபதுகளில் 'ஸ்வான்' என்ற பெயரிலும், எழுபதுகளின் நடுவில் 'அட்லஸ்' என்ற பெயரிலும். அட்லஸில் வால்வே கிடையாது. நேராக பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும், டைனமோட்டர் தேவையில்லை. பிறகு ஜப்பான்காரர்கள் கையில் போனது. 1995-ல் ஐகாம் கம்பெனியின் 706 வந்தது. 167 மில்லிமீட்டர் அகலம், 58 உயரம், 200 ஆழம், இரண்டரைக் கிலோ. சிற்றலையில் 100 வாட். முன்முகத்தை மட்டும் கழற்றி டேஷ்போர்டில் ஒட்டிவிட்டு, உடலை சீட்டுக்கு அடியில் தள்ளிவிடலாம். நான் பரணில் வைத்திருந்த பூதம் ஒரு டிபன் கேரியர் அளவுக்குச் சுருங்கியிருந்தது.

தேர்வு என்று வந்தபோது நண்பர்கள் இரண்டு மீட்டர் எஃப்.எம். கருவி வாங்கச் சொன்னார்கள். மலிவு, தெளிவான குரல், ஏரியல் அரை மீட்டர்தான். ஆனால் அந்த அலை ஏறக்குறைய பார்வைக்கோட்டில் போவது. கார் கூரையிலிருந்து இன்னொரு வீட்டுக் கூரைக்கு, நம் சமவெளியில் ஐம்பது கிலோமீட்டர் என்பது பெரும்பாலும் எட்டாக்கனி. நடுவே உயரத்தில் ரிப்பீட்டர் இருந்தால் எட்டும். ஆனால் மின்சாரமும் கோபுரமும் இல்லாத நாளுக்காகத்தானே நான் வாங்குகிறேன்? ஐந்து வாட் கொடுக்கும் யேசு 817-ஐயும் பார்த்தேன். அழகான பொருள், ஒன்றேகால் கிலோவுக்கும் குறைவு. புயல் இரைச்சலில் ஐந்து வாட்டை நம்ப மனம் வரவில்லை. கடைசியில் 706 வரிசையின் கடைசி மாதிரியைப் பழையதாக வாங்கினேன். என் ஓய்வூதியத்துக்கு அது கொஞ்சம் அதிகம் என்பதை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

மாருதியில் பொருத்தியது என் சொந்தக் கைவேலை, அசட்டுத்தனமும் சொந்தம். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் எடுத்தேன். பேச ஆரம்பித்ததும் ஃபியூஸ் போயிற்று. இந்தக் கருவி பேசும்போது இருபது ஆம்பியர்வரை இழுக்கும். அந்தத் துளை அதற்குப் பிறந்ததல்ல. பேட்டரி முனையிலிருந்தே தடித்த கம்பி இரண்டு, இரண்டிலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். இதுதான் சரியான முறை. எஞ்சினை அணைத்துவிட்டு வாயடித்தால் பேட்டரி படுத்துவிடும் என்பதையும், பிறர் தள்ளிவிட, கற்றுக்கொண்டேன்.

ஏரியல்தான் பெரிய தலைவலி. 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலை என்பது பத்தரை மீட்டர். காரில் நிற்பதோ இரண்டு மீட்டர் சாட்டை, மீதியை ஒரு சுருளால் ஈடுகட்ட வேண்டும். அனுப்பும் சக்தியில் பெரும்பகுதி சுருளையும் மண்ணையும் சூடாக்கிவிட்டுப் போகும். அப்படியும் முதல் வாரத்திலேயே ஐதராபாத் பேசினேன், கொழும்பு கேட்டேன். பண்ருட்டிதான் கிடைக்கவில்லை! நிமிர்ந்த சாட்டை அலையைத் தாழ்வாக வீசும். அது அயனமண்டலத்தில் பட்டு எங்கோ தூரத்தில் இறங்கும். பக்கத்து ஊர் தாண்டப்பட்டுவிடும். தரையோடு போகும் அலையோ அதற்கு முன்பே ஓய்ந்துவிடும்.

பண்ருட்டியில் யார் கேட்பது என்று நீங்கள் கேட்கலாம். நானும் தாமதமாகத்தான் கேட்டுக்கொண்டேன். தானே அன்று என்னிடம் இந்தப் பெட்டி இருந்திருந்தாலும், அந்தக் கிராமத்தில் மறுமுனையில் யார்? அக்கா பேரனுக்கு அப்போது பதினாலு வயது. தேர்வு எழுதப் பன்னிரண்டே போதும். அவனைப் பிடித்தேன். ஓம் விதியில் தொடங்கி ஒரு வருஷம் பிடுங்கி எடுத்தேன். கட்டுப்படுத்தப்பட்ட நிலைச் சான்றிதழ் வாங்கினான். அதற்கு மோர்ஸ் வேண்டாம். பரண் பூதத்தை விற்றுவிட்டு, அவனுக்கும் பழைய கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

வழி கடைசியில் எளிமையாகத்தான் இருந்தது. இருபது மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, இருபுறமும் படுக்கையாக, மூன்றே மீட்டர் உயரத்தில் கட்டினோம். அவன் கொல்லையில் ஒன்று, இங்கே என் வீட்டு வேப்ப மரத்திலிருந்து மதில்வரை ஒன்று. தாழ்வான கம்பி அலையை நேரே தலைக்கு மேல் அனுப்பும். பகலில் அது அயனமண்டலத்தில் மோதி, குடை விரித்த மாதிரி சுற்று வட்டாரம் முழுதும் இறங்கும். காரை வேப்ப மரத்தடியில் நிறுத்தி, சாட்டைக்குப் பதில் இந்தக் கம்பியைச் செருகினேன். ஒரு ஞாயிறு காலை, பத்து மணி.

"சின்னத் தாத்தா, குரல் நல்லா கேக்குது. அக்கம்பக்கம் எல்லாம் வந்து நிக்கிறாங்க" என்றான். இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பித்தானை அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் அக்கா ஏதோ சொல்வது கேட்டது. என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"இந்தக் கரகரப்புக்கா இவ்வளவு செலவு பண்ணான்னு கேக்குறாங்க தாத்தா" என்றான்.