நாலு கை மாறிய ஆபிஸ்

லிப்ரே ஆபிஸில் ஒரு கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் உள்விவரப் பக்கத்தைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு நடுவே 'எஸ்ஆபிஸ் டாட் பின்' என்று ஒரு வரி தெரியும். முன்னால் நிற்கும் அந்த எஸ், ஸ்டார் ஆபிஸின் எஸ். அந்தப் பெயரில் ஒரு மென்பொருள் விற்பனைக்கு வருவது நின்று வருடங்கள் பல ஆகின்றன. மூல நிரலுக்குள் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். எழுதும் செயலியின் நிரல்கள் இருக்கும் அடைவுக்கு எஸ்.டபிள்யூ. என்று பெயர், அதாவது ஸ்டார்ரைட்டர். கணக்குத்தாள் இருப்பது எஸ்.சி., ஸ்டார்கால்க். மேலே பெயர்ப்பலகை மூன்று முறை மாறிவிட்டது. உள்ளே முதல் ஆள் வைத்த பெயரே ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த முதல் ஆளுக்கு அப்போது வயது 16. பெயர் மார்கோ போரிஸ். ஊர், வட ஜெர்மனியில் ஹாம்பர்குக்குத் தெற்கே உள்ள லூனபர்க். 1985இல் அவர் ஸ்டார்ரைட்டர் என்ற எழுதும் செயலியை இசட்80 சில்லில் ஓடும் சி.பி./எம். கணினிகளுக்காக எழுதினார். அது சீக்கிரமே ஷ்னைடர் சி.பி.சி. என்ற வீட்டுக் கணினிக்கும் வந்து சேர்ந்தது. பிரிட்டனின் ஆம்ஸ்ட்ராட் நிறுவனம் செய்த இயந்திரம் அது. ஜெர்மனியில் ஷ்னைடர் என்ற முத்திரையுடன் விற்றது. 8 பிட் சில்லு, தொடக்க மாடலில் 64 கிலோபைட் நினைவகம். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதற்குள் முழுதாக அடங்காது. அவ்வளவு இடத்துக்குள் ஒரு பையன் எழுதும் செயலியை நுழைத்துவிட்டான் என்பதைத் திறமை என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு: இந்த மென்பொருள் வீட்டு மேசையில் வளர்ந்தது. பெரிய அலுவலகங்களுக்காகச் செய்து, பிறகு வீட்டுக்கு இறக்கிக்கொண்டு வந்த சரக்கல்ல.

ஸ்டார் டிவிஷன் என்று நிறுவனம் தொடங்கியாயிற்று. 16 பிட் கணினிகள் பரவியதும் ஸ்டார்ரைட்டர் டாஸுக்குப் போயிற்று. பிறகு ஓ.எஸ்./2, விண்டோஸ், மெக்கின்டாஷ், சோலாரிஸ், லினக்ஸ் என்று போகாத இடமில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எந்த இயங்குதளம் நிலைக்கும் என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. அதுவும் ஜெர்மனியில் ஐ.பி.எம்.மின் ஓ.எஸ்./2க்கு நல்ல செல்வாக்கு இருந்தது. ஒரு குதிரை மேல் மட்டும் பணம் கட்ட முடியாது. அதனால் ஸ்டார் டிவிஷன்காரர்கள் செயலிக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே சொந்தமாக ஓர் அடுக்கை எழுதினார்கள். அதற்கு ஸ்டார்வியூ என்று பெயர். ஜன்னல், மெனு, பொத்தான் என்று திரையில் தெரிகிற எல்லாவற்றையும் செயலி இந்த அடுக்கிடம்தான் கேட்கும். அடியில் இருப்பது விண்டோஸா யூனிக்ஸா என்பது செயலிக்குத் தெரியவே வேண்டாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. எந்தக் கணினியில் போட்டாலும் கொஞ்சம் அந்நியமாகத் தெரியும், திறக்க நேரமெடுக்கும். ஸ்டார் ஆபிஸ் 5 வரிசை அதன் உச்சம். திரை முழுவதையும் பிடித்துக்கொண்டு, தனக்கென ஒரு ஸ்டார்ட் பொத்தானும் வைத்துக்கொண்டு, விண்டோஸுக்குள் இன்னொரு விண்டோஸ் மாதிரி உட்கார்ந்திருக்கும். அன்றைய வீட்டுக் கணினியில் அதைத் திறந்துவிட்டுப் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வரலாம். ஆனால் அந்த நடு அடுக்கின் வாரிசுதான் இன்றும் லிப்ரே ஆபிஸைத் தாங்குகிறது. பழைய விண்டோஸிலும் புதிய லினக்ஸிலும் ஒரே ஆபிஸ் ஓடுகிறது என்று இன்று நாம் மெச்சுவது, ஒரு வியாபாரி நட்டப்படாமல் இருக்கப் போட்ட கணக்கின் பலன்.

அடுத்த கை, கலிபோர்னியாவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 1999இல் ஸ்டார் டிவிஷனை 7 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. சன்னின் தலைவர் ஸ்காட் மக்நீலிக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் ஆகாது என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் வாங்கியதற்குப் பகையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அங்கே பணியாற்றிய சைமன் ஃபிப்ஸ் அதைப் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார். சன்னில் சுமார் 42,000 ஊழியர்கள். வேலைக்குச் சோலாரிஸ் ஓடும் சொந்தக் கணினி, கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் இன்னொரு விண்டோஸ் மடிக்கணினி என்று ஆளுக்கு இரண்டு தேவைப்பட்டன. அத்தனை பேருக்கும் மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் உரிமம் வாங்குவதைவிட, ஆபிஸ் செய்கிற ஒரு நிறுவனத்தையே வாங்கிப் போடுவது மலிவாக இருந்தது!

வாங்கியவர்கள் அடுத்த வருடமே ஒரு காரியம் செய்தார்கள். 2000 அக்டோபர் 13 அன்று மூல நிரலைப் பொதுவில் வைத்தார்கள். 'ஓப்பன் ஆபிஸ்' என்ற பெயர் ஏற்கெனவே வேறொருவர் கையில் இருந்ததால், வாலில் 'டாட் ஆர்க்' சேர்த்து ஓப்பன் ஆபிஸ் டாட் ஆர்க் ஆயிற்று. 2002 மே மாதம் 1.0 பதிப்பு வந்தபோது அந்தத் திரை விழுங்கும் முகப்பைத் தூக்கி எறிந்திருந்தார்கள். எழுதும் செயலி எழுதும் செயலியாக மட்டும் திறந்தது. வீட்டுக் கணினிக்காரர்களுக்கு இதுவே பெரிய நிம்மதி. கூடவே, கோப்பு வடிவத்தையும் யார் வேண்டுமானாலும் படிக்கத்தக்கதாக மாற்றினார்கள். அதிலிருந்து வளர்ந்த ஓ.டி.எஃப். வடிவம் 2006இல் ஐ.எஸ்.ஓ. தரமாயிற்று. அந்த வடிவில் சேமித்த ஓ.டி.டி. கோப்பின் பின்னொட்டை ஜிப் என்று மாற்றித் திறந்தால், நீங்கள் எழுதிய வரிகள் உள்ளே வெறும் எழுத்தாகவே கிடக்கும்.

தமிழுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2005இல் இந்திய அரசு இலவசமாக வழங்கிய தமிழ் மென்பொருள் சி.டி.யில் ஓப்பன் ஆபிஸின் தமிழ் வடிவமும் இருந்தது. மெனுவெல்லாம் தமிழில். இருந்தும் வீடுகளில் அது பெரிதாக ஒட்டவில்லை. நம் ஊரில் இலவச ஆபிஸுக்கு எதிராக நின்றது மைக்ரோசாஃப்டின் விலைப்பட்டியல் என்றா நினைக்கிறீர்கள்? சிஸ்டத்தை ஃபார்மட் அடிக்கும்போது சர்வீஸ் கடைக்காரர் கேட்காமலே போட்டுக் கொடுத்த கிராக் எம்.எஸ். ஆபிஸ்தான். இரண்டும் இலவசம் என்றால் பழகியதை விட்டுவிட்டு யார் வருவார்கள்? போதாததற்கு, விண்டோஸ் எக்ஸ்.பி.யில் தமிழ் எழுத்து சரியாகச் சேர்ந்து தெரிய, மொழி அமைப்புக்குள் போய்ச் சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை எக்ஸ்.பி. சி.டி.யிலிருந்து தனியாக நிறுவ வேண்டும். செய்யாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். எழுத்தை அடுக்கும் வேலையை இயங்குதளத்திடம் விட்டிருந்த வரை இந்தத் தொல்லை இருந்தது. 2017இல் வந்த லிப்ரே ஆபிஸ் 5.3 ஹார்ஃப்பஸ் என்ற பொது இயந்திரத்தை எல்லாத் தளங்களுக்கும் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு, எழுத்துரு சரியாக இருந்தால் 'கொ' எந்த இயங்குதளத்திலும் 'கொ'தான்.

லிப்ரே ஆபிஸ் என்ற பெயர் வந்தது ஒரு குடும்பச் சண்டையில். 2010 ஜனவரியில் சன்னை ஆரக்கிள் விழுங்கியது. தரவுத்தளம் விற்றுச் சம்பாதிக்கும் நிறுவனத்துக்கு இந்த இலவச ஆபிஸை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. செப்டம்பர் 28 அன்று பங்களிப்பாளர்களில் ஒரு பெரிய கூட்டம் விலகி, டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை அறிவித்தது. ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரை எங்களுக்கே தந்துவிடுங்கள் என்று ஆரக்கிளிடம் கேட்டார்கள். அதுவரைக்கும் தற்காலிகமாக வைத்த பெயர்தான் லிப்ரே ஆபிஸ். ஆரக்கிள் பெயரைத் தரவில்லை. இரண்டு பக்கமும் கால் வைத்திருந்தவர்களை நிர்வாகக் குழுவிலிருந்து விலகச் சொன்னது. தற்காலிகப் பெயரே நிலைத்தது. ஜெர்மன் சட்டப்படி அறக்கட்டளை அமைக்க 50,000 யூரோ மூலதனம் தேவை. 2011 பிப்ரவரியில் பொதுமக்களிடம் கேட்டார்கள், எட்டு நாளில் சேர்ந்துவிட்டது.

அதே ஆண்டு ஜூனில் ஆரக்கிள், ஓப்பன் ஆபிஸ் பெயரையும் நிரலையும் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது. விலகிப் போனவர்களுக்குக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. உரிமங்களின் அமைப்பினால் அப்பாச்சியின் நிரலை லிப்ரே ஆபிஸ் எடுத்துக்கொள்ள முடிந்தது. மறுபக்கம் அது நடக்கவில்லை. வேலை செய்கிற ஆட்கள் ஒரு பக்கம், மக்களுக்குத் தெரிந்த பெயர் இன்னொரு பக்கம். அப்பாச்சியின் 4.1 வரிசை 2014இல் வந்தது. அதற்குப் பிறகு அங்கே சில்லறைத் திருத்தங்கள் மட்டுமே. பழைய கணினிக்கு இலவச ஆபிஸ் தேடி, கேள்விப்பட்ட பெயராயிற்றே என்று ஓப்பன் ஆபிஸை இறக்கிக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் போட்டுக்கொள்வது மேம்பாடு ஆகாது. பத்து வருடம் பின்னால் போவது.

லிப்ரே ஆபிஸ் பக்கம் முதலில் நடந்தது வீடு கூட்டுகிற வேலை. ஸ்டார் டிவிஷன்காரர்கள் எழுதிய நிரலில் விளக்கக் குறிப்புகளெல்லாம் ஜெர்மன் மொழியில் இருந்தன. பிரேசிலிலோ இந்தியாவிலோ இருக்கும் ஒருவர் அதைத் திறந்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து அவற்றை ஆங்கிலமாக்கினார்கள். யாரும் கூப்பிடாத செத்த நிரல்களை வெட்டி எறிந்தார்கள். 64 கிலோபைட்டில் தொடங்கியது இத்தனை பருத்துப்போனதற்கு அந்தக் குப்பையும் ஒரு காரணம்.

பழைய விண்டோஸ்களை இவர்கள் விட்ட விதம் கவனிக்கத்தக்கது. எக்ஸ்.பி.யை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் கைவிட்டது. 2017இல் வந்த லிப்ரே ஆபிஸ் 5.4 வரை எக்ஸ்.பி.யில் ஓடியது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கதவடைத்தது. இவர்கள் 2025இன் 25.2 வரை இழுத்துக்கொண்டு வந்து, 25.8இல் விட்டார்கள். என்றாலும் இதில் மயங்கிவிட வேண்டாம். ஆபிஸ் புதிதாக இருக்கிறது என்பதற்காகப் பாதுகாப்புத் திருத்தம் வராத இயங்குதளம் பத்திரமாகிவிடாது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினி என்றால் இன்னும் மோசம்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆபிஸ் 2016க்கும் 2019க்கும் அதே தேதிதான். விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 சில்லு வேண்டும், குறிப்பிட்ட தலைமுறைக்கு மேற்பட்ட ப்ராசஸர் வேண்டும் என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ வீட்டுக் கணினிகள் அந்த வாசலைத் தாண்டாது. அவற்றில் லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்றைப் போட்டால் லிப்ரே ஆபிஸ் அதனுடனேயே வந்துவிடுகிறது. முடிந்தால் ஹார்டு டிஸ்கை மாற்றி ஒரு எஸ்.எஸ்.டி. போடுங்கள். ஆபிஸ் திறக்கிற வேகத்தில் அந்தச் செலவு தெரியும். நினைவகம் குறைவாக இருந்தால், விருப்பங்களுக்குள் போய் ஜாவாவை அணைத்துவிடலாம். பேஸ் என்ற தரவுத்தளச் செயலியைத் தொடாதவர்களுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது.

ஒரு தகராறு மட்டும் மிச்சமிருக்கிறது. வேர்டில் செய்த கோப்பு இங்கே திறக்கும்போது அட்டவணை நகர்ந்துவிடும் என்ற புகாரில் உண்மை உண்டு. கலிப்ரி எழுத்துரு இல்லாததால் பக்கம் மாறிப்போகும் சிக்கலுக்கு, அதே அகல அளவுகள் கொண்ட கார்லிடோவைக் கூடவே தருகிறார்கள். அதனால் பாதி சரியாகிறது. மறுபாதிக்கு, அச்சுக்கோ அலுவலகத்துக்கோ அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக்கி அனுப்பிவிடுவதே வழி. கருவிப்பட்டையில் அதற்கான பொத்தான் 2003இன் ஓப்பன் ஆபிஸ் 1.1லேயே வந்துவிட்டது. காசு கொடுத்து மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் வாங்கியவர்கள் அந்த வசதிக்கு 2007 பதிப்பு வரை காத்திருந்தார்கள், அதிலும் முதலில் தனி இணைப்பாகத்தான் கிடைத்தது.