மருதையாறும் மனிதப் பொறுப்பும்

நவம்பர் மாதம் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கருக்கு இரண்டு காரணங்களால் தனித்தன்மை உடையது. ஒன்று, அது இறந்த விசுவாசிகளை நினைவுகூரும் மாதம். மற்றொன்று, அது அடைமழையின் மாதம். கல்லறைத் திருநாளன்று நாம் ஏற்றும் மெழுகுவர்த்திகளை வடகிழக்குப் பருவமழை எத்தனையோ முறை அணைத்திருக்கிறது. மழையும் மரணமும் ஒன்றாக வந்து நின்ற ஒரு நவம்பர் நாளைப் பற்றியதே இக்கட்டுரை.

சிறுவாச்சூரைச் சுற்றியுள்ள மண் மானாவாரி மண். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் இந்நிலத்தில் மழையை எவரும் சபிப்பதில்லை. "மழையா, வரட்டும்" என்பதே இங்குள்ள உழவரின் வாய்ச்சொல். பச்சைமலைப் பக்கத்தில் பெய்யும் மழைநீர் ஓடைகளாய்த் திரண்டு மருதையாறாகி, பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களைக் கடந்து கொள்ளிடத்தை அடைகிறது. ஆண்டில் பல மாதங்கள் மணலாகவே கிடக்கும் ஆறு அது. மாடுகள் கடந்து செல்லும். சிறுவர் ஊற்றுத் தோண்டி விளையாடுவர். அதனால்தானோ என்னவோ, அவ்வாற்றை எவரும் அஞ்சியதில்லை.

பெரம்பலூர் மாவட்டத்திற்கு இன்றளவும் இருப்புப்பாதை கிடையாது. தேசிய நெடுஞ்சாலையின் மேல் அமைந்திருக்கும் சிறுவாச்சூரில் இரவு முழுவதும் பேருந்தொலி கேட்கும். புகைவண்டியின் ஒலி கேட்காது. இரயில் ஏற வேண்டுமாயின் அரியலூருக்கோ திருச்சிக்கோதான் செல்ல வேண்டும். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்குச் செல்லும் குறுக்குப்பாதை 1920-களின் இறுதியில் போடப்பட்டது. அதற்கு முன் தென்னாட்டு வண்டிகள் சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிச் சென்றன. புதிய பாதை பயணத்தைச் சுருக்கிற்று. அப்பாதை அரியலூரைக் கடந்த பின் மருதையாற்றைத் தாண்ட வேண்டியிருந்தது.

அந்த விடியற்காலை

1956-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி விரைவு வண்டி புறப்பட்டது. மொழிவழி மாநிலங்கள் பிறந்து மூன்று வாரங்களே ஆகியிருந்தன. அரியலூரும் பெரம்பலூரும் அன்று திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாயிருந்தன. மீட்டர் பாதையில் ஓடும் நீராவி எஞ்சின், நூற்றுக்கணக்கான பயணிகள். தலைநகரில் பிழைப்புத் தேடிய தென்மாவட்டக் குடும்பங்களுக்கு ஊர் திரும்பும் வழி அந்த வண்டிதான். இரவு வண்டியில் ஏறும் குடும்பம் எவ்வாறிருக்கும் என்பதை நாமறிவோம். தூக்குச் சட்டியில் கட்டுச்சோறு, பெட்டிக்குள் பிள்ளைகளுக்குப் புதுத்துணி, சன்னலோர இடத்திற்குச் சிறுவர்களிடையே ஒரு சண்டை, பிறகு அனைவர்க்கும் உறக்கம்.

வெளியே கடும் மழை. மருதையாறு கரைகொள்ளாமல் பெருகியிருந்தது. 23-ஆம் நாள் விடியற்காலையில், அரியலூருக்கும் கல்லகத்திற்கும் இடையே, வெள்ளம் அரித்திருந்த ஆற்றுப்பாலம் வண்டியின் பாரத்தைத் தாங்காமல் சரிந்தது. எஞ்சினும் அதனைத் தொடர்ந்த ஏழு பெட்டிகளும் ஆற்றுள் விழுந்தன. உறங்கியவர்கள் உறக்கத்திலேயே நீரில் மூழ்கினர்.

இறந்தோர் எத்தனை பேர்? 142 என்று சில பதிவுகள் கூறுகின்றன. 154 என்று வேறு சில. பன்னிரண்டு பேர் வேறுபாடு. நமக்கு அது வெறும் எண்களின் வேறுபாடு. பன்னிரண்டு இல்லங்களிலோ, வாசலில் நின்று காத்திருந்தவர்களுக்கு அது முழு உலகம்.

நவம்பர் 23 திருத்தந்தை புனித கிளமெந்துவின் திருநாள். கழுத்தில் நங்கூரம் கட்டிக் கடலில் எறியப்பட்டு அவர் மறைசாட்சியானார் என்பது மரபு. அரியலூர் தனி மாவட்டமாக 2007-ஆம் ஆண்டில் மீண்டும் மலர்ந்ததும் இதே நவம்பர் 23-ஆம் நாளில்தான். மாவட்டத்தின் பிறந்தநாளைக் கொண்டாடுவோர், அதே நாள் ஏறத்தாழ நூற்றைம்பது பேரின் நினைவு நாளும் ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தல் நன்று.

யார் செய்த பாவம்?

இத்தகைய துயரம் நேரும்போது ஊரார் வாயில் எழும் கேள்வி ஒன்றுண்டு: "யார் செய்த பாவமோ?" நம் ஊர்களில் மட்டுமன்று, ஐரோப்பாவிலும் இக்கேள்வி எழுந்திருக்கிறது.

ஸ்காட்லாந்து நாட்டில் டே என்னும் ஆற்றின் கழிமுகத்தைக் கடந்து டண்டீ நகருக்குச் செல்ல, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமுள்ள ஓர் இரயில் பாலம் 1878-இல் திறக்கப்பட்டது. அதனைக் கட்டிய பொறியாளர் தாமஸ் பௌச்சுக்கு அடுத்த ஆண்டே விக்டோரியா அரசி வீரத்திருப்பட்டம் வழங்கினார். அதே 1879-இல், டிசம்பர் 28-ஆம் நாள், ஞாயிறு மாலை பெரும்புயலில் பாலத்தின் நடுப்பகுதி சரிந்தது. அதன் மேல் சென்று கொண்டிருந்த வண்டி முழுவதும் நீரில் வீழ்ந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

ஓய்வுநாளைக் கடுமையாகக் கடைப்பிடிக்கும் மரபுடைய நாடு அது. எனவே, ஞாயிற்றுக்கிழமையில் பயணம் செய்ததற்குக் கடவுள் அளித்த தண்டனை இது என்று போதித்தவர்களும் இருந்தார்கள். அரசு அமைத்த விசாரணை மன்றமோ இரும்பை ஆராய்ந்தது. வார்ப்பிரும்புத் தூண்களில் இருந்த ஓட்டைகள் மெழுகும் இரும்புத் தூளும் கலந்த பசையால் அடைத்து மறைக்கப்பட்டிருந்தன. காற்றின் விசையைத் தாங்கும் அளவிற்குப் பாலம் வகுக்கப்படவில்லை; கட்டப்பட்ட முறையும் பராமரிக்கப்பட்ட முறையும் சரியில்லை. இவ்வாறு மன்றம் தீர்ப்புரைத்தது. போதகர்கள் விண்ணை நோக்கிக் கைகாட்டினர். உண்மை பாலத்தின் தூண்களில் இருந்தது. தண்டனை என்ற விளக்கத்தை எல்லாரும் ஏற்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அடுத்த பாலத்தையும் அதே மெழுகினால் பூசியிருப்பார்கள்.

ஆண்டவர் இயேசு இக்கேள்விக்கு நேரடியாகவே விடையளித்திருக்கிறார். லூக்கா நற்செய்தி பதின்மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மடிந்த செய்தியை அவரே எடுத்துரைக்கிறார். அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று வினவி, இல்லை என்று உறுதிபடக் கூறுகிறார். அதே மூச்சில், கேட்டுக்கொண்டிருப்பவர்களை மனமாற்றத்திற்கு அழைக்கிறார். இறந்தவர்களின் பாவத்தைத் தேடாதீர்கள். உயிரோடிருப்பவர்களே, உங்கள் வாழ்வைத் திருத்துங்கள் என்பது இதன் பொருள்.

யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்திலும் இதே சீலோவாம் வருகிறது. பிறவிக்குருடரைக் கண்ட சீடர்கள், இவன் செய்த பாவமா, இவனுடைய பெற்றோர் செய்த பாவமா என்று கேட்கிறார்கள். இருவருமல்லர் என்கிறார் இயேசு. அம்மனிதரைச் சீலோவாம் குளத்திற்கு அனுப்பிப் பார்வை பெறச் செய்கிறார். துன்புறுவோரைக் குற்றவாளிகளாக்கும் சிந்தனையை அவர் இருமுறை மறுத்தார். இரு முறையும் அங்கே சீலோவாமின் பெயர் நிற்கிறது.

பொறுப்பேற்ற ஒருவர்

கடவுளின் மேல் பழிபோடக் கூடாது என்றால், வேறு யார் பதில் சொல்வது? அரியலூரின் வரலாறு இக்கேள்விக்கு ஒரு நல்ல முன்மாதிரியைத் தந்திருக்கிறது.

அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதே 1956-இல், சில மாதங்களுக்கு முன், மகபூப்நகர் அருகே இதே போன்று பாலம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போதே அவர் பதவி விலக முன்வந்தார். பிரதமர் நேரு ஏற்கவில்லை. அரியலூர் நேர்ந்ததும் மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார். இம்முறை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்குச் சாஸ்திரி எவ்வகையிலும் காரணமல்லர் என்றும், அரசியல் நெறிக்கு ஒரு முன்மாதிரியாக அமையும் பொருட்டே விலகலை ஏற்பதாகவும் அவர் நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

குற்றம் வேறு, பொறுப்பு வேறு. குற்றம் என்பது நான் செய்ததைப் பற்றியது. பொறுப்பு என்பது என்னிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பற்றியது. மருதையாற்றின் வெள்ளத்தைச் சாஸ்திரி வரவழைக்கவில்லை. ஆயினும் அப்பயணிகளின் உயிர்கள் அவருடைய துறையிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தன. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் பாவ அறிக்கை செய்யும்போது, செய்த தீமையை மட்டுமன்றி, கடமையில் தவறியதையும் அறிக்கையிடுகிறோமே, அதன் பொருளும் இதுவே. கத்தோலிக்கரல்லாத ஒரு பெருமகன் அதனை ஆட்சிமன்றத்தில் வாழ்ந்து காட்டினார்.

அதே வேளையில் நாம் ஒன்றை மறக்கலாகாது. அடுத்த ஆண்டுத் தேர்தல் மேடைகளில் அரியலூர் ஒரு முழக்கமாயிற்று. இரயில்வே துணை அமைச்சராயிருந்த அழகேசன் அத்தேர்தலில் தோல்வியுற்றார். பின்னர் சாஸ்திரியின் விலகல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லப்படும் கதையாயிற்று. விலகியவரின் பெயர் நிலைத்தது; வீழ்ந்தவர்களின் பெயர்கள் மறைந்தன. பதவி விலகல் உயரியதுதான். ஆனால் அது பாலத்தைக் கட்டாது. தாயை இழந்த குழந்தையைத் தூக்கி வளர்க்காது. அவை மற்றவர்களின் கடமைகளாகவே எஞ்சி நிற்கும்.

தனுஷ்கோடியில்

எட்டு ஆண்டுகள் சென்றன. சாஸ்திரி பிரதமரான 1964-ஆம் ஆண்டின் டிசம்பர் 22-ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் புயலலை அதனை விழுங்கிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர், ஒருவரும் மீளவில்லை. மக்கள் வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்த அவ்வூரில், கூரையிழந்த நம் ஆலயத்தின் சுவர்கள் இன்றும் மணல்மேல் நிற்கின்றன. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மூன்றே நாள்கள் இருந்தபோது அது நேர்ந்தது. சேதமடைந்த பாம்பன் பாலத்தையோ, ஈ. ஸ்ரீதரன் என்னும் இளம் பொறியாளரின் பொறுப்பில் 46 நாள்களில் செப்பனிட்டார்கள். பொறுப்பேற்றல் என்பது சில வேளைகளில் விலகுவது. சில வேளைகளில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்குவது.

சீலோவாம் கோபுரத்தைப் பற்றிப் பேசிய உடனேயே இயேசு கூறுவது காய்க்காத அத்திமரத்தின் உவமை. தோட்டக்காரர் இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். சும்மா காத்திருப்பதற்கல்ல, மரத்தைச் சுற்றிக் கொத்தி எரு இடுவதற்கு. மனமாற்றம் கண்ணீரோடு முடிவதன்று. அதற்கு மண்வெட்டியும் வேண்டும். மழைக்கால இரவுகளில் கைவிளக்கும் எச்சரிக்கை வெடிகளும் ஏந்தி இருப்புப்பாதையின் மேல் தனியே நடந்து செல்லும் கேங்மேன், அந்தத் தோட்டக்காரரின் வேலையைத்தான் செய்கிறார். நாம் பெட்டிக்குள் உறங்குகிறோம். அவருடைய பெயர் நமக்குத் தெரியாது.

நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பாலத்தின் காவலர்களே. பள்ளிக் கட்டடத்தின் விரிசலைக் கண்ட ஆசிரியர், ஏரிக்கரை உடைப்பைக் கண்ட ஊராட்சி உறுப்பினர், மின்கம்பி தொங்குவதைக் கண்ட வழிப்போக்கர், பங்கு ஆலயத்தின் மேற்கூரை ஒழுகுவதைக் கண்ட பங்குத்தந்தை, இவர்களுள் எவரும் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிக் கடந்து செல்ல உரிமையுடையவரல்லர். அச்சொல் நம்பிக்கை போல ஒலிக்கலாம். பல நேரங்களில் அது சோம்பலின் மறுபெயர்.

டே ஆற்றின் இரு கரைகளிலும் 2013-ஆம் ஆண்டில் நினைவுக் கற்கள் நாட்டினார்கள். இறந்தோர் 75 என்று நெடுநாள் சொல்லி வந்தார்கள். பதிவேடுகளை ஒவ்வொன்றாகத் தேடியவர்கள் 59 பேரைப் பெயரோடு கண்டறிந்து, அப்பெயர்களைக் கல்லில் பொறித்தனர். அதற்கு 134 ஆண்டுகள் ஆயின. இருப்பினும் செய்தார்கள். நம்முடைய தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்று ஆண்டவர் சொன்னதை நம்புகிற நாம், மருதையாற்றில் மடிந்தவர்களை "ஏறத்தாழ நூற்றைம்பது" என்று சொல்லி விட்டுவிடலாமா?

வரும் நவம்பர் 23-ஆம் நாளன்று நம் பங்குகளில் நிறைவேற்றும் திருப்பலியில், மதமும் சாதியும் பாராமல், அந்த விடியலில் மறைந்த அனைவருக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்ப்போம். முதிய உறவினர் எவரேனும் அவ்வண்டியில் சென்று திரும்பாதவரின் பெயரைச் சொல்வாராயின், அதைக் கேட்டு எழுதி வைப்போம். ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் போற்றிய அடைக்கல அன்னையின் பரிந்துரையில் அவர்களை ஒப்படைப்போம். பிறகு, நம் பொறுப்பில் விடப்பட்டுள்ள பாலம் எது என்று பார்த்து, மழை வருமுன் அதன் அடித்தளத்தைச் சோதிப்போம்.