தாத்தாவின் கடிதங்களும் 2 ஜிபி சுவரும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன் மக்களே. வருஷம் 2004. பெங்களூர் பி.டி.எம். லேஅவுட்டில் குடித்தனம். திருநெல்வேலியிலிருந்து அப்பா ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். உள்ளே தாத்தா எழுதிய கடிதங்கள், பழைய போட்டோக்கள். "இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வையிலே" என்றார்.

பொட்டி தட்டுறவனுக்கு இது ஒரு வேலையா? ஸ்கேன் பண்ணி, ஆக்சஸ் டேட்டாபேஸில் தேதி, எழுதியவர், ஊர் என்று கட்டம் போட்டு, படத்தையும் அதே டேபிளில் திணித்தேன். காகிதங்கள் ஊருக்கே திரும்பிப் போயின. முன்னூறு கடிதம் தாண்டியதும் ஃபைல் திறக்க மறுத்தது. பேக்கப்பில் பாதிதான் இருந்தது. மறுபடி ஸ்கேன் பண்ணலாம் என்று ஊருக்குப் போனால், பெட்டியில் கரையான்!

தப்பு எங்கே? 1992-ல் வெளிவந்த ஆக்சஸில் படம் வைக்க இருந்த வழி 'ஓஎல்இ ஆப்ஜெக்ட்'. ஜேபெக் படத்தை உள்ளே வைத்தால், பல நேரம் திரையில் காட்டுவதற்கென்று சுருக்காத பிட்மேப் நகல் ஒன்றும் கூடவே உட்கார்ந்துகொள்ளும். கணக்குப் பாருங்கள்: 6 x 8 அங்குலத் தாள், 200 டிபிஐ என்றால் 1200 x 1600 புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வீதம் 57.6 லட்சம் பைட். 400 கேபி படம் 6 எம்பி ஆகிவிடும். ஆக்சஸ் ஃபைலின் உச்சவரம்போ 2 ஜிபி. 350 படத்துக்குள் சுவரில் முட்டிவிடும். அழித்தாலும் இளைக்காது, 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' கொடுத்தால்தான் இளைக்கும்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, இந்திய அறிவியல் கழகத்தில் (நம்ம டாடா இன்ஸ்டிட்யூட்) அதே வருஷங்களில் இதே வேலையைப் பிரம்மாண்டமாகச் செய்துகொண்டிருந்தார்கள்! இந்திய மின்நூலகம் - டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா. பேராசிரியர் என். பாலகிருஷ்ணன் இங்கே முன்னின்று நடத்தினார். அமெரிக்காவின் கார்னெகி மெலனில் இருந்து துணை நின்றவர் ராஜ் ரெட்டி. கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், 1994-ல் டூரிங் விருது பெற்றவர்.

அவர்கள் முறை எளிமையானது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பார்கோடு எண், அந்த எண்ணில் ஒரு ஃபோல்டர். உள்ளே பக்கத்துக்கு ஒரு டிஃப் படம். பெயர் 00000001, 00000002 என்று வரிசையாக. 600 டிபிஐ கறுப்பு வெள்ளை, ஃபேக்ஸ் மெஷின் பாணிச் சுருக்கம். 6 x 9 அங்குலப் பக்கம் சுருக்காமல் இருந்தால் 2.4 எம்பி வரும். சுருக்கினால் அதில் சிறு பங்குதான். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு மட்டும் தனிப் பட்டியலில். அந்த இணையதளம் பிற்பாடு நின்றுபோனது. ஆனால் ஏராளமான தமிழ்ப் புத்தகங்கள் உட்பட, அதன் நூல்கள் இன்றும் இன்டர்நெட் ஆர்கைவில் கிடைக்கின்றன. படங்கள் தனித்தனிக் கோப்புகளாக இருந்தால், கடை மூடினாலும் சரக்கை எடுத்து வேறிடம் வைக்கலாம்.

2006-ல் ஜிம் கிரே உள்ளிட்ட மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் எஸ்க்யூஎல் சர்வரை வைத்துச் சோதித்தார்கள். 256 கேபிக்குக் குறைவானவை டேட்டாபேஸுக்குள் இருக்கலாம், 1 எம்பிக்கு மேல் என்றால் ஃபோல்டரே மேல் என்றது முடிவு. ஆக்சஸ் 2007-ல் 'அட்டாச்மென்ட்' வந்து பிட்மேப் தொல்லை ஒழிந்தது. 2 ஜிபி சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது.

இப்போது நான் செய்வது: படங்கள் தனி ஃபோல்டரில், எண்ணே பெயர். டேபிளில் ஃபைல் பெயர் மட்டும். ஃபோல்டர் முகவரி தனியே ஒரே இடத்தில். ஃபார்மில் இமேஜ் கன்ட்ரோல் அந்தப் படத்தை எடுத்துக் காட்டும். பேக்கப் எடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே எடுக்கணும், ஃபைல் பெயரை மாற்றக் கூடாது. அவ்வளவுதான்.

மிஞ்சிய கடிதங்களை இன்று கடல் தாண்டி உட்கார்ந்து என் பெண்ணுக்குக் காட்டுகிறேன். தொலைந்தவற்றில் என்ன எழுதியிருந்தது என்று கேட்கிறாள். பதிலில்லை. அப்பா அன்று சொன்னது இதுதான்: "போனது போவுது, இருக்கறதப் பத்திரமா வையிலே."

உங்கள் வீட்டுப் பரண்மேலும் ஒரு பெட்டி இருக்கும். இந்த முறை ஊருக்குப் போனால் இறக்கிப் பாருங்கள். ஸ்கேன் பண்ணியபிறகும் காகிதத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!