தண்டும் பேட்டையும்: ஒரு ஊர் இன்னொரு ஊரில் கலந்த கதை

சிவாஜிநகரிலும் அல்சூரிலும் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் நம் குடும்பங்களில் பெரியவர்களின் பேச்சைக் கவனித்திருப்பீர்கள். கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது "சிட்டிக்குப் போயிட்டு வரேன்" என்பார்கள். "நாம இருக்கிறதும் சிட்டிதானே தாத்தா!" என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். தாத்தா சொல்வது பிசகல்ல. 1949 வரைக்கும் இவை இரண்டு ஊர்கள். நான் பட்டம் வாங்கிய சரித்திர ஆசிரியன் அல்லன். கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன். கடை சாத்திய பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கெம்பேகவுடர் 1537ல் அமைத்த ஊரைக் கன்னடத்தில் 'பேட்டெ' என்பார்கள். 1799ல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலேயப் படையைக் காய்ச்சல் வாட்டியது. ஆகவே 1809ல் பெங்களூருக்குக் கிழக்கே, அல்சூர் ஏரிப் பக்கத்தில் படைவீடு அமைத்தார்கள். அதுதான் 'தண்டு', அதாவது கண்டோன்மெண்ட். படை என்றால் சிப்பாய் மட்டுமா? சமையல்காரர், வண்ணார், கொத்தனார், தச்சர், வண்டிக்காரர், தானிய வியாபாரி எல்லாரும் வேண்டும். படை சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. கூட வந்த ஜனங்களும் அந்த மாகாணத்தார். வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த தமிழர் மிகுதி. 1864ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வந்தபோது, அது வந்து நின்றது தண்டு ஸ்டேஷனில்தான். அதன்பிறகு வருகிறவர்களுக்குப் பாதை இன்னும் சுலபமாயிற்று.

1862ல் பேட்டைக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று என இரண்டு நகரசபைகள் ஏற்பட்டன. 1881ல் ஆங்கிலேயர் மைசூர் ராஜ்யத்தை மகாராஜா சாமராஜேந்திர உடையாரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் தண்டை மட்டும் தங்கள் வசம் வைத்துக்கொண்டு 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்று பெயரிட்டார்கள். நம் வியாபார பாஷையில் சொன்னால் பட்டா மகாராஜா பெயரில், அனுபோகம் ஆங்கிலேயர் கையில். கப்பன் பூங்காவுக்கு மேற்கே திவான் நிர்வாகம், கிழக்கே ரெசிடெண்டு துரையின் நிர்வாகம்.

1901ஆம் ஆண்டு ஜனக்கணக்கைப் பார்த்தால் ஆச்சரியமாயிருக்கும். பெங்களூர் சிட்டியில் 69,447 பேர். தண்டில் 89,599 பேர். பக்கத்து ஊராய்த் தோன்றிய இடம் மூல ஊரைவிடப் பெரிதாகிவிட்டது! 1898ல் பிளேக் வந்தபோது இரண்டு ஊரும் அடிபட்டன, இரண்டும் தனித்தனியே விரிந்தன. சிட்டிக்குப் பசவனகுடியும் மல்லேஸ்வரமும் என்றால், தண்டுக்கு 1906ல் தொடங்கிய பிரேசர் டவுன். தண்டுக்கு ரஸல் மார்க்கெட் 1927ல் வந்தது. சிட்டிக்குக் கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட் 1928ல் வந்தது. இரண்டு ஸ்டேஷன், இரண்டு மார்க்கெட், இரண்டு நகரசபை. இப்படித்தான் நடந்தது காலட்சேபம்.

தண்டின் தமிழர்களில் ராய்பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியாரைச் சொல்லாமல் விடக்கூடாது. கப்பன் பூங்காவில் இன்று உயர்நீதிமன்றம் இருக்கும் சிவப்புக் கட்டிடமாகிய அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர். சம்பாதித்ததில் ஒரு பங்கை எடுத்து 1873ல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அவர் பெயரால் அமைந்த கல்வி நிலையங்கள் இன்றும் நடக்கின்றன.

இதை வைத்துக்கொண்டு நம்மவர்கள் சிலர் "பெங்களூரே நாம கட்டினதுதான்" என்பார்கள். வேறு சிலர் நம்மைப் பார்த்து "நேற்று வந்தவங்க" என்பார்கள். சரித்திரம் இரண்டையும் ஒப்புக்கொள்ளாது. ஏழு தலைமுறைக்கு மேல் ஆனவர்கள் நேற்று வந்தவர்கள் ஆகமாட்டார்கள். அதேபோல் தண்டு தன் காலில் மட்டும் நின்ற ஊரும் அல்ல. அது அமர்ந்த மண் மைசூர் மண். அல்சூர் சோமேசுவரர் கோயில் தண்டு பிறக்குமுன்பே இருந்தது. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தது மைசூர் அரசு. தண்டுக்காரர்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். நம்மவர் உழைப்பும் கன்னட நாட்டின் நீரும் நிலமும் சேர்ந்துதான் அந்த ஊர்.

1947 ஜூலை 26ஆம் தேதி, சுதந்திரத்துக்கு இருபது நாள் முன்னதாக, தண்டு மைசூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. 1949ல் இரண்டு நகரசபைகளையும் ஒன்றாக்கி மாநகராட்சி அமைத்தார்கள். சவுத் பரேடு 1948லேயே மகாத்மா காந்தி சாலை ஆயிற்று. பின்னர் பிளாக்பள்ளி சிவாஜிநகர் என்றும், பிரேசர் டவுன் புலிகேசிநகர் என்றும், கேவல்ரி ரோடு காமராஜர் சாலை என்றும் மாறின. தண்டில் தமிழ் பெரும் புழக்கத்தில் இருந்தது. ஒன்றுபட்ட மாநகரில் அது பல மொழிகளில் ஒன்று. இதை இழப்பாக மட்டும் எண்ணுவது சரியல்ல. அன்னியர் போட்ட கோடு அழிந்தது நியாயமே. கன்னடம் கற்று, தமிழும் மறவாமல் வாழ நம் பிள்ளைகளுக்கு வழி கிடைத்தது.

எனக்குள்ள கவலை வேறு. பழைய வீடுகளை விற்று அடுக்குமாடி எழுப்பும்போது பரணில் உள்ள காகிதங்கள் எடைக்குப் போகின்றன. 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்று அச்சிட்ட கிரயப் பத்திரம், வரி ரசீது, கல்யாணப் பத்திரிகை, கடைக் கணக்கு எல்லாம் அந்த ஊரின் சாட்சிகள். நூல்களைப் பிரதி எடுத்துப் பிறருக்கு வழங்குவதைச் 'சாத்திர தானம்' என்று எங்கள் சமண வழக்கில் நாலு தானங்களில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். அன்பர்கள் தங்கள் வீட்டுப் பரணை ஒருமுறை பார்க்க வேண்டும். கிடைத்ததை நகல் எடுத்துச் சங்கத்தில் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். அந்த நகல் இருந்தால்தான், பாட்டன் எந்த ஊரில் இருந்தார் என்று நாளைக்குப் பேரன் கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு காகிதம் நம் கையில் இருக்கும்.