அம்மைன்னு நினைச்சது

தில்லியில் ஏப்ரல் கடைசியில் வெயில் ஏற ஆரம்பித்தாலே எனக்கு 2005 ஞாபகம் வந்துவிடும். திருநெல்வேலியிலிருந்து மேற்படிப்புக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பழைய தில்லியின் நெருக்கமான சந்துகளில் மெனிங்கோகாக்கஸ் என்கிற பாக்டீரியா பரவிக்கொண்டிருந்தது. மூளையுறைக் காய்ச்சல் என்று பேப்பரில் தினமும் செய்தி.

ஒரு ராத்திரி எட்டு வயசுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நம்ம ஊர்க் குடும்பம். காலையில் காய்ச்சல், மத்தியானம் காலில் சிவப்புப் புள்ளி. "அம்மை போட்டிருக்கு டாக்டர், வேப்பிலை வச்சிருக்கோம்" என்றார் அம்மா. வந்து சேரும்போது புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கருநீலத் திட்டுகளாகி இருந்தன. விரல்கள் சில்லிட்டுக் கிடந்தன.

அதன் பெயர் பர்ப்யூரா ஃபல்மினன்ஸ். கிருமியின் நஞ்சு ரத்தத்தில் கலந்ததும் தோலின் நுண்குழாய்களில் ரத்தம் உறைகிறது. உறைதலுக்குக் கடிவாளம் போடும் 'புரோட்டீன் சி' தீர்ந்துபோகிறது. ரத்தம் போகாத தோல் செத்துப்போகிறது. இன்னொரு பக்கம், உறைய வைக்கும் பொருட்களும் செலவாகிவிடுவதால் ரத்தக்கசிவு. இரண்டும் ஒரே நேரத்தில்!

கொஞ்சம் சரித்திரம். இந்த மூளையுறைக் காய்ச்சலை 1805இல் ஜெனீவாவில் வியூசோ முதலில் விவரித்தார். தோல் கருகும் நோயை 1884இல் பிரான்சில் கீயோ எழுதினார். 1887இல் பெர்லினில் ஹெனோக் அதை விரிவாகப் பதிவு செய்தார். அதே 1887இல் வியன்னாவில் வைக்செல்பாம் மெனிங்கோகாக்கஸைக் கண்டுபிடித்தார். தில்லிக்கு இது 1966, 1985, 2005 என்று ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு ஒருமுறை பெரிதாக வந்திருக்கிறது. மோசமானது 1985தான்: 6,000 பேருக்கு மேல் பாதிப்பு, 800 பேருக்கு அருகில் மரணம்.

அன்றைக்கு என் சீனியர் முதுகுத்தண்டு நீர் எடுக்கக்கூடக் காத்திருக்கவில்லை. உடனே செஃப்ட்ரியாக்சோன் ஊசி, சலைன், பிளாஸ்மா. வீட்டில் மற்றவர்களுக்குத் தடுப்பு மருந்து. செயற்கைப் புரோட்டீன் சி மருந்து பற்றி அப்போது உலகமெல்லாம் பெரிய பேச்சு. உயிர் காப்பதாக நிரூபணமாகாததால் 2011இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பழைய ஆன்டிபயாடிக்தான் இன்றும் முதல் ஆயுதம், அதுவும் சீக்கிரம் கொடுத்தால்.

பையன் பிழைத்தான். இரண்டு கால்விரல்கள் போய்விட்டன. "காலையிலேயே வந்திருந்தா?" என்று அவன் அம்மா கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானும் அதே வேப்பிலைக் கொத்துக்குள் வளர்ந்தவன்தான்.

ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். காய்ச்சலோடு புள்ளி வந்தால் ஒரு கண்ணாடி டம்ளரை (நம்ம எவர்சில்வர் டம்ளர் உதவாது!) அதன்மேல் அழுத்திப் பாருங்கள். புள்ளி மறையாவிட்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. நம்ம மாநிறத் தோலில் சரியாகத் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உள்பக்கம் பாருங்கள். ஆரம்பத்தில் புள்ளி மறையவும் கூடும். ஆகவே குழந்தை துவண்டு கிடந்தால் டம்ளரைத் தேடவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.